தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தவள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்ல வேண்டாம். ஆக்லாந்தில் வந்து இறங்கிய அன்று என்னிடம் ஒரு பையும் ஒரு குளிர்ச்சட்டையும் இருந்தன. குளிர்ச்சட்டையும் இரவல். நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், பழைய டயர்க்கடையின் தகரக் கொட்டிலில், யாரோ தூக்கி எறிந்த இரண்டு சலவை மெசின்களை என் கையாலேயே கழற்றிப் பூட்டி லோண்டரி தொடங்கினேன். இங்கிலீஷ் தெரியாதவனுக்குக் கடன் இல்லை என்று பாங்க்காரன் சொன்னான். ஊத்தை உடுப்புத் தோய்க்கவா பிளேன் ஏறிப் போனவன் என்று ஊரில் சொந்தக்காரர் சாதியைச் சொல்லிச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களின் பிள்ளைகள் விசா எடுத்து வந்தபோது முதல் வேலை கொடுத்தவன் நான்தான். இன்று இந்த நகரத்து ஹோட்டல்களிலும் முதியோர் இல்லங்களிலும் விரிக்கிற விரிப்புகளில் பாதிக்கு மேல் என் கையால் வெளுத்துப் போகிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். லின்ஃபீல்டில் வீடு கட்டினேன். அத்திவாரத்துக்குக் கொங்கிரீட் கலந்தவர்களில் நானும் ஒருவன். மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன். கோயில் மடப்பள்ளிக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எல்லாம் நானே பார்த்து, நானே யோசித்து, நானே செய்தது.

நானே யோசித்துச் செய்த இன்னொன்றும் உண்டு. உடைந்த கட்டில்கால் ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, துளை போட்டு, சங்கிலி கோத்து, அதில் பெண்கள் கழிப்பறைப் பூட்டின் திறப்பை மாட்டினேன். சட்டைப் பையிலும் வைக்க முடியாது, மறந்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அந்தக் கட்டை என் அலுவலகக் கதவருகே ஆணியில் தொங்கும். அதற்குக் கீழே ஒரு சின்னத் தட்டில், கேக் வேகும்போது நேரம் பார்ப்பதற்கு வைக்கும் மணி ஒன்றை வைத்தேன். தக்காளிப்பழம் மாதிரி இருக்கும். திறப்பை எடுக்கிறவள் தக்காளிப்பழத்தைப் பத்து நிமிடத்துக்குத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். மணி அடித்தும் வராவிட்டால் நான் போய்க் கதவில் தட்டுவேன். உள்ளே இருந்துகொண்டு போன் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். இதைப் பார்க்க வந்த வேறு முதலாளிமார் தங்கள் இடத்திலும் செய்யப்போவதாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நிமிடம் என்பது தாராளம் என்றே நினைத்தேன்.

நான் இங்கே எழுத வந்தது எங்கள் லீடரைப் பற்றி. மடிப்பு மேசையில் நின்ற எட்டுப் பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு, அதனால் எல்லோரும் லீடர் என்றே கூப்பிட்டோம். சோமாலியாவிலிருந்து போருக்குத் தப்பி, ஒரு முகாமில் பல வருடம் இருந்து, இங்கே வந்தவள். என் தோளுக்கு மேல் உயரம். பெரிய கட்டில் விரிப்பை ஒருத்தியாகவே பிடித்து ஒரு உதறு உதறினால் துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம் வரும். விரிப்பு காற்றில் நிமிர்ந்து நின்று, பிறகு அவள் சொன்ன இடத்தில் மடியும். அவள் மடித்த அடுக்கில் ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை. தமிழ்ப் பெண்களோடு பத்து வருடம் நின்றதில் தமிழும் பொறுக்கிக்கொண்டாள். நான் காலையில் உள்ளே வரும்போதே, நான் வாய் திறப்பதற்கு முன், என் குரலிலேயே கத்துவாள்: "கெதியா, கெதியா! ஐயா வந்திட்டார், மூச்சு விடாதே!" மேசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேலை தெரிந்தவளுக்கு வாய் இருந்தால் பரவாயில்லை.

அவளிடம் எனக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. கழிப்பறைக்குப் போனால் வரமாட்டாள். மற்றப் பெண்கள் போய் வருகிற நேரத்தில் அவள் பாதிகூட முடித்திருக்கமாட்டாள். மாதத்தில் மூன்று நாள் முகம் சாம்பல் பூத்துப்போய், வயிற்றைச் சூடான உருளை அயர்ன் மெசினின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு நிற்பாள். நான் அதைச் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் எடுத்தேன். தக்காளிப்பழம் வந்த பிறகு மணி அடிக்கும். நான் போய்த் தட்டுவேன். "என்ன பிள்ளை, உள்ளுக்கை குடித்தனம் நடத்துறியோ? வாடகை தர வேணும்!" என்று ஒருநாள் சத்தமாகக் கேட்டேன், மேசைக்கும் கேட்க வேண்டும் என்றே. சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு முஸ்லிம் ஊரிலிருந்து வந்தவள். வயதில் மூத்தவள் என்பதால் எல்லோரும் ராத்தா என்போம். அவள் விரிப்பை மடித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அந்தக் கோடையில் லோண்டரிக்குள் நிற்க முடியவில்லை. வெளியே புழுக்கம், உள்ளே நீராவி. எல்லாப் பெண்களும் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தார்கள். நான் நல்ல முதலாளி, குளிர்தண்ணீர்ப் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். லீடருக்குக் கப்பை நீட்டினால், "வேண்டாம் ஐயா, போதும்" என்பாள். நோன்பு மாதமா என்று கேட்டேன். ராத்தா, "நோன்பு இல்ல முதலாளி, வேற ஒண்டு" என்றாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் அவள் நின்றதில், கழிப்பறைக்கு அவள் போகும் தடவைகள் குறைந்தன. என் திட்டம் பலித்துவிட்டது என்று வீட்டில் மனிசியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் வேளைக்குக் கொஞ்சம் முன், விரிப்பை உதறக் கை தூக்கியவள் உதறவில்லை. அந்த வெக்கைக்குள் பற்கள் கிடுகிடுவென்று நடுங்க, ஒரு கையால் முதுகின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வாந்தி எடுத்து, அப்படியே மேசைக்குக் கீழே சரிந்தாள். அவள் நெற்றியில் கை வைத்தேன். அயர்ன் மெசின் மாதிரிச் சுட்டது. ஆம்புலன்சில் ராத்தா ஏறினாள். விரிப்பு ஏற்றுகிற என் வானை ஓட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். வழியெல்லாம் எனக்குக் கவலை இரண்டு: ஒன்று அவள், மற்றது அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ஹோட்டல் விரிப்புகள். பொய் சொல்லமாட்டேன், இரண்டும்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ராத்தா வெளியே வந்தாள். சிறுநீரில் தொற்று, அது சிறுநீரகத்துக்கு ஏறி, இரத்தத்திலும் கலந்துவிட்டதாம். கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நாங்கள் நின்றோம்.

"சாப்பாடு ஏதும் பிழைச்சுப் போச்சோ, ராத்தா?" என்றேன்.

"சாப்பாடு இல்ல முதலாளி. நீங்க அந்தத் தக்காளிப்பழம் வச்ச நாள்ல இருந்து வேலைக்கு வந்தா அவ ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல."

"நான் தண்ணி குடிக்க வேண்டாமெண்டு சொன்னனானோ?"

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா அவவுக்குக் கால் மணித்தியாலம் வேணும். நீங்க பத்து நிமிசத்துல கதவுல அடிக்கிறீங்க. அப்ப குடிக்காம இரிக்கிறதுதானே?"

"கால் மணித்தியாலம் ஏன்? உள்ளுக்கை என்ன செய்யிறவ?"

ராத்தா என்னை நேராகப் பார்த்தாள். "சொல்றன். அவதான் சொல்லச் சொன்னா. முதலாளிட மூஞ்சியப் பாத்துச் சொல்லு எண்டா. ஏழு வயசுல அவவப் புடிச்சுப் படுக்க வச்சு, கீழ உள்ளதெல்லாத்தையும் அறுத்து எடுத்து, மிச்சத்தச் சேத்துத் தச்சு வச்சிரிக்கி. ஒண்ணுக்குப் போகவும் மாசத்து ரத்தம் போகவும் ஒரு சின்ன ஓட்ட. அவ்வளவுதான். குழாய்ல வாஷர் போனா எப்பிடிச் சொட்டும்? அப்பிடித்தான் அவவுக்கு. சொட்டி முடியுமட்டும் குந்தி இரிக்கா. நீங்க வெளிய நிண்டு வாடக கேக்கீங்க."

முப்பது வருடமாக ஊரார் விரிப்பில் வரும் இரத்தத்தைத் தோய்த்தவன் நான். இரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஊற்றக்கூடாது, கறை பிடித்துவிடும், பச்சைத்தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவன். பிள்ளை பெற்ற இரத்தம் எது, காயத்து இரத்தம் எது என்று விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்தவன். பக்கத்தில் நின்று அந்த விரிப்புகளை மடித்தவளின் உடம்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த நடைபாதையிலும் அடுத்தடுத்த நாட்களிலும், ராத்தா சொல்லியும் தாதி ஒருத்தி சொல்லியும் லீடர் தானே சொல்லியும் நான் அறிந்துகொண்டேன். படிக்காதவன் எனக்கே விளங்கியது, படித்தவர்களுக்கும் விளங்கட்டும். அறுக்கிற அன்றைக்கே இரத்தம் நிற்காமல் சாகிற பிள்ளைகள் உண்டு. லீடருக்கு முந்திய வருடம் அறுக்கப்பட்ட அவளுடைய அக்கா மூன்றாம் நாள் செத்துப்போனாள். அதைப் பார்த்திருந்தும் அடுத்த வருடம் இவளைப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். துருப்பிடித்த பிளேடால் ஏற்புவலி வந்து உடம்பு விறைக்கும், சீழ் பிடிக்கும். தப்பிப் பிழைத்தால் சிறுநீர் தேங்கித் தேங்கித் தொற்று, தொற்று ஏறி ஏறிச் சிறுநீரகம். மாத இரத்தம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே கட்டி நின்று வயிற்றை முறுக்கும். நான் நடிப்பு என்று சொன்ன மூன்று நாள் அதுதான். கல்யாணம் செய்தால் அந்த உறவு சந்தோஷம் அல்ல, காயத்தின் மேல் காயம். பிள்ளை பெறும்போது தழும்பு விரிந்து கொடுக்காது. கிழியும், இரத்தம் பெருகும், பிள்ளை வழியில் சிக்கும். சில பெண்களுக்கு அதற்குப் பிறகு சிறுநீர் அடங்காமல் ஒழுகிக்கொண்டே இருக்குமாம். லீடருக்கு முகாமில் முதல் பிள்ளை பிறக்க இரண்டு நாள் ஆனது. பிறந்த பிள்ளை அழவில்லை. கிழிந்ததை அங்கேயே முன்போலச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். இதை அவள் என்னிடம் சொன்னபோது விரிப்பின் விளிம்பை இரண்டு விரலால் நீவி நீவிச் சரிசெய்துகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரி விரிப்பு. மடிப்புச் சரியில்லை என்று தாதிமாரைக் குறையும் சொன்னாள்.

இதனால் உடம்புக்கு ஒரு நன்மையாவது உண்டா என்று தாதியிடம் கேட்டேன். எதிலும் ஏதாவது கணக்கு இருக்கும் என்று நம்புகிறவன் நான். ஒன்றுகூட இல்லை என்றாள். அப்படியானால் எதற்கு? பெண் அடங்கி இருப்பாளாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களாம். அம்மாவுக்கும் அம்மாவின் அம்மாவுக்கும் செய்ததாம். மார்க்கம் என்று சிலர் சொல்வார்கள். குர்ஆனில் இது இல்லை என்று லீடரும் சொன்னாள், ராத்தாவும் சொன்னாள். லீடரின் நாட்டுப் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் செய்கிறார்களாம். ஆக ஒரு ஏழு வயதுப் பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடித்து அறுப்பதற்குக் காரணம், நாளைக்கு ஒரு ஆம்பிளைக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதுதான். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் கார் நிறுத்துமிடத்தில் என் வானின் டயரை உதைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது எங்கோ பாலைவனத்துக் கதை என்று நினைத்து இந்தப் பக்கத்தைப் புரட்ட நினைக்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். ராத்தா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். "நீங்க சோமாலிக்காரங்கள மட்டும் பாக்காதீங்க முதலாளி. எங்கட ஊர்ல ஒஸ்தா மாமி எண்டு ஒருத்தி வருவா. புள்ள பொறந்து நாப்பதாம் நாள். கதவப் பூட்டிட்டு, சின்னதாக் கீறுவா. ஆம்புளைகளுக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் செஞ்சாங்க. எனக்கு ஞாபகம் இல்ல, ஒடம்புக்கு ஞாபகம் இரிக்கி." தமிழ் பேசுகிற வீடு. தமிழ் பேசுகிற பிளேடு. ராத்தா தன் மகளுக்கு அதைச் செய்யவிடவில்லை. மாமியார் ஒரு வருடம் அவளோடு பேசவில்லையாம். "பேசாட்டி எனக்கு நல்லம்தானே" என்று ராத்தா சிரித்தாள். அந்த ஊரிலும் லீடரின் ஊரிலும் வேண்டாம் என்று நிற்கிற பெண்கள் இப்போது நிறையப் பேர். அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆம்பிளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனிசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நான் அந்த ஊர்ப் பழக்கத்தையும் அந்த மனிதர்களையும் திட்டித் தீர்த்து முடிந்ததும் அவள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அவையைப் பேசினது காணும். எத்தினை பொம்பிளையளுக்கு வேலை குடுத்தனான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியள். அவைக்கு மூத்திரம் பெய்ய நேரம் குடுத்தனியளோ?"

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் என்னை இப்படிக் கேட்டதில்லை. நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். போனவனை அவள் கூப்பிடவும் இல்லை.

லீடருக்குக் காய்ச்சல் தணிந்தது. ஆனால் வைத்தியர் சொன்னது இதுதான்: ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறது, தைத்த இடத்தைத் திறந்துவிடும் சத்திரசிகிச்சை செய்தால் சிறுநீர் தேங்காமல் போகும், செய்யாவிட்டால் அடுத்த தொற்று எப்போது என்று சொல்ல முடியாது, அது வந்தால் அந்தச் சிறுநீரகம் தாங்குமா என்றும் சொல்ல முடியாது. பெரிய சத்திரசிகிச்சை இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாமாம். அவளுடைய புருஷன் பஸ் ஓட்டுகிறவன், அமைதியான மனிதன். செய்யட்டும், நானே கூட இருக்கிறேன் என்று என் முன்னாலேயே அழுதான். ஆனால் லீடர் மாட்டேன் என்றாள். தாதி கேட்டும் மாட்டேன். ராத்தா கேட்டும் மாட்டேன். பழைய கத்தியை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். தோடம்பழம் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பெரிய மனிசன் மாதிரிப் புத்தி சொன்னேன். "பயப்பிடாதை பிள்ளை, இது வேறை கத்தி."

அவள் தோடம்பழத்தை உரித்துக்கொண்டே, தமிழும் இங்கிலீஷும் கலந்து பதில் சொன்னாள். கத்திக்குப் பயமில்லையாம். திறந்துவிட்ட பிறகு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி போக வேண்டும், காயம் ஆறுமட்டும் மெதுவாகப் போக வேண்டும் என்று தாதி சொல்லியிருக்கிறாள். எங்கே போவது? "கத்தி ஒரு நாள், ஐயா. உங்கட மணி ஒவ்வொரு நாள்." பிறகு ஒரு சுளையை என் கையில் வைத்துச் சொன்னாள்: "முதல் பூட்டு. பிறகு ஆஸ்பத்திரி."

வேலையை விட்டுவிடு, வேறு வேலை பார் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இருந்திருக்கும். ஆனால் அந்த மேசை அவளுடையது. முகாமில் ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, இந்த நகரத்தில் தன் கையால் பிடித்த இடம் அது. அந்த இடத்துக்குத் திரும்பி வரமுடியாதென்றால், சிறுநீரகத்தைக் காப்பாற்றி என்ன பயன் என்று அவள் நினைத்திருந்தாள். இடம் பிடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த நாள் காலை, வேலை தொடங்கும் நேரத்தில், எல்லோரும் பார்க்கத் திருப்புளியோடு போய்ப் பெண்கள் கழிப்பறையின் பூட்டைக் கழற்றினேன். உள்ளே போடும் கொண்டியை மட்டும் விட்டேன். ஒரு திருகாணி துருப்பிடித்துக் கழல மறுத்தது. முழங்காலில் இருந்து முக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருத்தி, "என்ன ஐயா, கதவையும் வீட்டை கொண்டு போறியளோ?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தமுறை ராத்தாவும் சிரித்தாள். நான் ஒரு பேச்சு யோசித்து வைத்திருந்தேன். "நான் பிழை விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னேன். லீடரின் கதையைச் சொல்லவில்லை. அது என் கதை அல்ல. கட்டையையும் தக்காளிப்பழத்தையும் குப்பைத்தொட்டியில் போட்டேன். அந்த மாதத்துக்குள் இன்னும் இரண்டு கழிப்பறை கட்டினேன், ஓடு பதித்தது நானே. மடிப்பு மேசைக்கு உயரமான நாற்காலிகள் வாங்கினேன். லீவுக் கடிதத்தில் சுகமில்லை என்று எழுதினால் போதும், என்ன வருத்தம் என்று எழுதத் தேவையில்லை என்று மாற்றினேன். இதையெல்லாம் போனில் படம் எடுத்து லீடருக்கு அனுப்பினேன். ஓட்டின் நிறம் சரியில்லை என்று பதில் வந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு நாள் எடுத்தாள்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். முதல் நாள் காலை ஒரு பெரிய போத்தல் தண்ணீரை எனக்கு முன்னால் நின்று, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போனாள். நான் நேரம் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு விரிப்பு மடிப்பதற்குள் வந்துவிட்டாள். "ஐயா, கெதியா!" என்று கத்தினாள். ராத்தாவிடம் அவள் சொன்னதைப் பிறகு ராத்தா எனக்குச் சொன்னாள்: முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தானே பயந்துபோனாளாம், கூரையில் மழை பெய்கிறதென்று. நாற்பத்திரண்டு வயதில் ஒரு பெண் தன் சிறுநீரின் சத்தத்தை, ஏழு வயதுக்குப் பிறகு, முதல் தடவை கேட்கிறாள். இதைக் கேட்டும் கோபம் வராதவன் என்ன மனிதன்?

வராதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் முதியோர் கூட்டத்தில் நான் இதைச் சொல்ல எழுந்தேன், லீடரிடம் கேட்டுக்கொண்டு, பெயர் ஊர் சொல்லாமல்தான். பக்குரங்காவிலிருந்து வருகிற ஒரு பழைய கணக்காளர், மூன்று பட்டம் பெற்றவர், வடையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாப்பிடுற நேரத்திலை உதென்ன கதை? உது எங்கட பிரச்சினையோ?" எனக்குக் கோபம் ஏறியது. "ஐயா, உங்கட வீட்டுப் பொம்பிளையள் மாசம் மூண்டு நாள் சாமியறைக்குள்ளை போகேலாது, பிள்ளை பெரிசானால் ஊருக்குச் சொல்லி மண்டபம் பிடிப்பியள். பொம்பிளையின்ரை உடம்பு ஊர்ச் சொத்து எண்டு நினைக்கிறது உங்களுக்கும் எனக்கும் பழக்கம்தான். அவை கத்தியை எடுத்தவை. நாங்கள் திறப்பை எடுத்தனாங்கள்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வடையைக் கடித்தார். மூன்று பட்டம்!

போன மாதம் சுகாதாரச் சேவையில் இருக்கும் சில பெண்கள் சேர்ந்து, முதலாளிமாருக்கென்று ஒரு கையேடு வெளியிட்டார்கள். இப்படி வெட்டுப்பட்ட பெண்கள் உங்களிடம் வேலை செய்யலாம், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் கையேடு. நல்ல வேலை. லீடர் அவர்களோடு மாதக்கணக்காக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். நானும் கழிப்பறையின் அளவுமுதல் எல்லாம் சொன்னேன். விழாவில் முன்வரிசையில் இருந்தோம். என் மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். "சில பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள், இதனால் தொற்று ஏற்படலாம்" என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி: வைத்தியர்கள், தாதிமார், மண்டபம் தந்தவர், கேக் செய்து தந்தவர். நான் இல்லை.

அதைத் தொகுத்த பிள்ளை தமிழ்ப் பிள்ளை, இங்கே பிறந்தவள். போய்க் கேட்டேன். "அங்கிள், உங்களைத் தாங்ஸ் லிஸ்ட்ல போடலாம், நோ ப்ராப்ளம். மறந்திட்டம், சொறி" என்றாள். எனக்கு அது மட்டும் போதாது என்றேன். தவிர்க்கிறார்களாம்! யார் தவிர்த்தது? தண்ணீர் கசக்கிறதென்றா அவள் குடிக்கவில்லை? நான் குடிக்கவிடவில்லை என்று எழுது என்றேன். "அங்கிள், இட்ஸ் நொட் அபவுட் பிளேம். உங்கட பேரைப் போட்டா உங்களுக்குத்தான் கூடாது" என்றாள் அந்தப் பிள்ளை, என்னைக் காப்பாற்றுகிற முகத்தோடு. பக்கத்தில் நின்ற லீடர் கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "என்ர பேர் வேண்டாம். ஐயான்ர பேர் போடு."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனவே அந்தக் கையேட்டுக்காரருக்கு இந்தக் குறிப்பின் மூலம் கேட்கிறேன். இரண்டாம் பதிப்புப் போடும்போது என் பங்கை எழுதுங்கள். இந்த ஊரில் நான் செய்த எதையும் மற்றவன் பெயரில் போக நான் விட்டதில்லை, இதையும் விடமாட்டேன். அவளை ஏழு வயதில் அறுத்தவர்கள் வேறு நாட்டில், வேறு காலத்தில் இருந்தார்கள். அவர்கள் செய்ததை அவர்கள் கணக்கில் எழுதுங்கள். ஆனால் சிறுநீரகத்தில் விழுந்த தழும்பில் பழையது எவ்வளவு, அந்தக் கோடையில் விழுந்தது எவ்வளவு என்று வைத்தியரிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நான் பிரிக்கிறேன். பாதி என்னுடையது. அதைச் செய்தவன் சட்டம் உள்ள நாட்டில், சுத்தமான தண்ணீர் உள்ள நகரத்தில், நல்ல முதலாளி என்று பெயரெடுத்த நான். என் முழுப் பெயரையும், நான் கட்டிய லோண்டரியின் பெயரையும், எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள்.